பிரான்சில் இருப்பவர்கள்

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் சொல்வதற்கென்றே லூர்துசெல்வியிடம் ஒரு பதில் இருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்டாலும் சரி, மனை வேண்டுமா என்று கேட்டாலும் சரி, "எங்கிட்ட நெறைய இருக்கு, உனக்கு எவ்ளோ வேணும்?" என்பாள். எதிர்முனை திகைத்துப்போய் வைத்துவிடும். அந்தச் சனிக்கிழமை காலையில் போன் அடித்தபோது, நெல்லித்தோப்பு வீட்டின் சமையற்கட்டில் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த மகள் ஜோவிதா, அந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்கக் காத்திருந்தாள். லூர்துசெல்வி தையற்காரி. கையில் எந்நேரமும் யாருடைய ரவிக்கையாவது இருக்கும். அதனால் போனை மெஷின் மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். இரண்டு பக்கப் பேச்சும் வீடு முழுக்கக் கேட்கும்.

"கிளாட்வின் வீடுங்களாம்மா?" என்றது ஒரு பெண் குரல்.

மெஷின் நின்றது.

"ஆமா, கிளாட்வின் வூடுதான்."

"காலேஜ்ல சேந்துட்டு முடிக்காம நின்னவங்களைப் பத்தி ஒரு ஆய்வு பண்றோம்மா. இப்ப அவரு வேற எங்கயாவது படிக்கிறாரா, உள்ளூர்ல வேலையில இருக்காரா, வேலை தேடிகிட்டு இருக்காரா, இல்ல வெளிநாட்டுல இருக்காரா?"

மீன் செதில் ஒட்டிய கையோடு ஜோவிதா அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். துர்கா, அவளுடைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். அந்தக் கேள்வியும் தெரிந்த கேள்வி. ஒரே மூச்சில் சொல்ல வரவேண்டும் என்பதற்காக வார்த்தை வார்த்தையாகச் செதுக்கி அவளே எழுதியது.

"அவன் பிரான்சுல இருக்கான்மா" என்றாள் லூர்துசெல்வி.

கிளாட்வின் உப்பளம் கல்லறையில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், கோரிமேட்டு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோயும் விடாமல், அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அக்காவை விடப் பத்து வயது இளையவன். இருபத்து மூன்று முடியவில்லை.

"படிப்புக்காங்கம்மா?"

"படிப்பு, வேலை ரெண்டுந்தான். நாந்த்னு ஒரு ஊரு. எப்பவும் மழையாம். குளிரு ஆவாது அவனுக்கு. ஸ்வெட்டர் போடுறா போடுறான்னு தலப்பாடா அடிச்சிகினாலும் போட மாட்டான், குத்துதும்பான். சாப்பாடுதான் என்னா பண்றானோ. ரொட்டி அவனுக்குப் பிடிக்கும். அதனால கொறையில்ல."

நாந்த், எதிர்வீட்டுச் சொல்தாவின் பேரன் இருக்கிற ஊர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்பார்கள். அவர் வீட்டு வாசலில் கேட்ட செய்திகளைத்தான் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மகனுக்கு உடுத்திக்கொண்டிருந்தாள். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. துர்காவும் வைக்கவில்லை. கடைசியில், "ரொம்ப சந்தோஷம்மா, உங்க பையன் நல்லா இருக்கட்டும்" என்றது குரல். "நீயும் நல்லா இரும்மா" என்றாள் லூர்துசெல்வி.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

"யாரும்மா போன்ல?" என்று கேட்டாள் ஜோவிதா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாரோ. மீனை அலசிட்டியா? செவுத்து மேல பூனை வந்து ஒக்காந்திருக்கு பாரு, உன்னையே பாத்துகினு."

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைய மீன் குழம்பில் உப்பு போட மறந்திருந்ததையும் யாரும் சொல்லவில்லை.

ஜோவிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி முடித்த நாளே கிடையாது. காலேஜில் வாத்தியாரா என்பார்கள். இல்லை என்பாள். பின்னே ஆபீசில் கிளார்க்கா? இல்லை. "காலேஜுக்கு யாரு வர்றா, யாரு வரல, ஏன் வரலன்னு பாக்கறது" என்றால், "அத்தப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று அத்தை ஒருத்தி மோவாயில் கை வைத்தாள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் அதற்காகவே முனைவர் பட்டம் வாங்கியவள் ஜோவிதா. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபின் கிடைத்த வேலையெல்லாம் செய்து, அவள் பட்டம் வாங்குவதற்குள் போய்ச் சேர்ந்தார். லாசுப்பேட்டையில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்த உயர்கல்வி ஆய்வு மையத்தில் அவளுக்கு வேலை. பதினோரு மாத ஒப்பந்தம். முடிந்ததும் ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருநாளை லூர்துசெல்வி 'உன் பட்டினித் திருநாள்' என்பாள். இப்போதுதான் முதன்முறையாக அங்கே நிரந்தரமான ஆய்வு அலுவலர் இடம் ஒன்று வருவதாக இருந்தது. வரும் புதன்கிழமை கூடும் ஆலோசனைக் குழு அவளுடைய ஆய்வறிக்கையை ஏற்றுக்கொண்டால், அந்த இடம் அவளுக்குத்தான் என்று இயக்குநர் நெடுமாறன் சொல்லியிருந்தார்.

கல்லூரியை விட்டு நின்றவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் ஆய்வு. வந்த பதில்களைப் பார்த்து மையமே குளிர்ந்துபோயிருந்தது. நின்றவர்களில் மூன்றில் ஒருவர் வெளிநாட்டில், பெரும்பாலும் பிரான்சில். "இவங்க இடைநின்றவங்க இல்ல ஜோவிதா, மேல போனவங்க" என்று நெடுமாறன் அறிக்கைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். அப்படியானால், வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து படிக்க மாலை வகுப்புகள் தொடங்க வேண்டும் என்ற பழைய யோசனைக்குத் தேவை இல்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அது கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

ஆலோசகர்களில் ஒருவர் சென்னைக்காரர். வீடியோவில் பேசும்போது, "மூணுல ஒருத்தரா? கொஞ்சம் அதிகமா தெரியலையா?" என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "சார், இது பாண்டிச்சேரி" என்றாள் ஜோவிதா. அவரும் சிரித்து விட்டுவிட்டார்.

அது இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தவறு. வேறு ஊர்க்காரனாக இருந்தால் எந்தக் கல்லூரி, என்ன விசா என்று துருவியிருப்பான். இங்கே பிறந்தவர்களுக்குப் பிரான்ஸ் என்பது அரியாங்குப்பத்துக்கு அடுத்த நிறுத்தம். தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது அங்கே இருப்பார்கள். ஒரு மாமா, தாந்த் என்று அழைக்கப்படும் ஒரு அத்தை, கிறிஸ்துமசுக்கு வருகிற ஒரு சாக்லேட் டப்பா. அதனால் பிரான்ஸ் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றாது. கேட்பதுதான் மரியாதைக் குறைவு. தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் எத்தனை, இல்லாதவை எத்தனை என்று ஜோவிதாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிரித்தாள்.

தம்பியின் பெயர் அதில் வரும் என்று அவள் நினைக்கவில்லை. யாரிடம் கேட்பது என்பதைக் கணினிதான் பொறுக்கிக் கொடுக்கும். அவள் கண்ணுக்கு எண்கள் மட்டுமே தெரியும், பெயர்கள் தெரியாது. ஆய்வு செய்கிறவர்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று இருக்கக் கூடாதென்று அவளே வைத்த விதி அது.

திங்கட்கிழமை டீ வந்ததும் ஜோவிதா துர்காவின் மேசைக்குப் போனாள்.

"பிரான்சுன்னு சொல்றவங்க எப்படிச் சொல்றாங்க துர்கா?"

"எப்படின்னா?"

"குரல் எப்படி இருக்கும்?"

துர்கா பாகூர்ப் பக்கத்துப் பெண். பேசச் சொன்னால் போதும். "டக்குனு சொல்லிட்டு டக்குனு வெச்சுடுவாங்கக்கா. வேலை தேடறாங்கன்னு சொல்றவங்கதான் இழுப்பாங்க, எதனா வேலை இருந்தா சொல்லும்மான்னு. பிரான்சுக்காரங்களுக்கு நேரமே கெடையாது." சிரித்துவிட்டு டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "ஒரே ஒரு அம்மாதான். நெல்லித்தோப்பு. அவங்க வெக்கவே இல்லக்கா. பையன் ஸ்வெட்டர் போட மாட்டானாம், ரொட்டி பிடிக்குமாம். கேக்கக் கேக்க எனக்கே அந்தப் பையனைப் பாக்கணும்போல ஆயிடுச்சு. அழகா இருப்பாருன்னு நெனைக்கிறேன்."

"இருப்பான்" என்று சொல்ல வந்து, ஜோவிதா டம்ளரை எடுத்துக்கொண்டாள். "கைவசம் பக்கத்துல இருக்கற பிரான்சு வீடு எது? இப்பவே போய்ப் பாக்கலாம்."

"நேராவா? போன்லதான் கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். வண்டிச் சாவிய எடு."

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. பட்டறைகளில் இரும்பு அறுக்கிற சத்தம் சந்து வரைக்கும் வந்தது. வாசலில் ஜெயம் என்ற அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் அம்மாவாசை கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"மதிவாணன் வீடுங்களா?" என்றாள் துர்கா. "போன வாரம் போன் பண்ணேனே."

"ஆமாம்மா" என்று ஜெயம் முறத்தைக் கீழே வைத்தாள். "புள்ளை பிரான்சுல இருக்கான். நல்ல வேலை. பங்குனியிலதான் போனான்."

"யம்மோவ்!" என்று வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "துண்டு எங்கம்மா வெச்ச? கண்ணுல சோப்பு!"

அம்மாவாசைதான் முதலில் சமாளித்தார். "அங்க தண்ணி வரலியாம்மா. அதான் குளிச்சிட்டுப் போலாம்னு வந்திருக்கான்."

துர்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஜெயம் கணவரை முறைத்தாள். பிறகு அவளுக்கும் வாய் கோணி, முந்தானையை எடுத்து மூடிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அவனுக்குப் பொண்ணு பாத்துகினு இருக்கோம். திடீர்னு ஒரு பொண்ணு போன் பண்ணி, புள்ளை என்னா படிச்சான், எங்க வேலை பாக்குறான்னு கேட்டா நாங்க என்னான்னு நெனைக்கிறது? பொண்ணு வூட்டுக்காரங்க ஆள வெச்சு விசாரிக்கிறாங்கன்னு நெனச்சோம்."

"காலேஜ் ஆய்வுன்னு தெளிவா சொன்னேனேம்மா!"

"அப்படித்தாம்மா எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் அம்மாவாசை. "எங்க அக்கா பொண்ணுக்குப் பாத்தப்ப நானே கேஸ் கம்பெனின்னு சொல்லித்தான் போன் பண்ணேன்."

மதிவாணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். குளித்தும் போகாத எண்ணெய்க் கறுப்பு நகக்கண்களில் இருந்தது. பட்டறையில் லேத் ஓட்டுகிறானாம். விஷயம் தெரிந்ததும் அம்மாவைப் பார்த்து, "என்னை அனுப்பறதுதான் அனுப்புனீங்க, டிக்கெட்டு எடுத்துக் குடுத்துட்டு அனுப்பக் கூடாதா?" என்றான்.

ஏன் படிப்பை விட்டாய் என்று ஜோவிதா அவனிடம் கேட்கவில்லை. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காலேஜ் வெச்சா வருவீங்களா தம்பி?" என்றாள்.

அவன் துண்டைத் தலையிலிருந்து எடுத்தான். "ரெண்டாவது வருஷத்துல நின்னேன் மேடம். அங்கேர்ந்து ஆரம்பிக்கலாமா, இல்ல மறுபடி முதல்லேர்ந்தா?"

"அங்கேர்ந்தே."

"எப்ப தெறக்குறாங்க?"

திறக்கப்போவதில்லை, அதை அடித்துவிட்டோம் என்று ஜோவிதாவால் சொல்ல முடியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றாள். துர்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டி ஓட்டியபோது அவளுக்குக் கண் எரிந்தது. இரும்புத்தூள் என்று நினைத்துக்கொண்டாள். இதே தொழிற்பேட்டையில்தான் கிளாட்வின் பாட்டில் மூடி வார்க்கிற மெஷினில் நின்றான். அப்பா இறந்த வருஷம் பொருளியல் படிப்பை நிறுத்திவிட்டு அங்கே சேர்ந்தவன். ஒருநாள் சாப்பிடும்போது, "நீ இதுலதான ஆராய்ச்சி பண்ற? சாயங்காலத்துல ஒரு காலேஜ் வெக்கச் சொல்லேன். பாதியில வுட்டவன் பாதியிலேர்ந்து ஏறிக்கற மாதிரி, பஸ்ஸு மாதிரி" என்றான். அவள் அதை ஆய்வுமொழியில் எழுதி மையத்தில் கொடுத்தாள். மையம் பாராட்டியது. அந்த யோசனையைத்தான் இப்போது அவளுடைய அறிக்கையே அடித்திருந்தது. அதை அடிக்க வைத்த மூன்றில் ஒருவர் கணக்கில் கிளாட்வினும் ஒருவனாக உட்கார்ந்திருந்தான்.

நெடுமாறன் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு முறை படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்தது. கையில் ஒரு நல்ல செய்தியோடு போகவேண்டும் என்ற ஆசை இருந்தது.

"ஒரு வீட்டுல பையன் குளிச்சிகிட்டு இருந்தான், அதனால அறிக்கை தப்பு. புதன்கிழமை கமிட்டி முன்னால இதத்தான் சொல்லப்போறியா?"

"ஒரு வீடு இல்ல சார்."

"வேற எது?"

ஜோவிதா மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் புதன்கிழமை வந்து போய்விடும். வேலையும் நிரந்தரமாகிவிடும். அம்மாவும் அவள் மகனை நாந்த் மழையில் பத்திரமாக வைத்துக்கொள்வாள்.

"நெல்லித்தோப்புல ஒரு வீடு. அங்கயும் பையன் பிரான்சுல இல்ல சார்."

"பின்ன எங்க இருக்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கிளாட்வின் அடக்கத்துக்கு மையத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுவந்தவர் அவர்தான். மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறை வரைக்கும் நடந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"யாரு சொன்னது போன்ல?"

"அம்மா."

பல் டாக்டர் வீட்டு மெஷின் கீழே கிர்ரென்று சுற்றி ஓய்ந்தது.

"திரும்பக் கேக்கறதுன்னா பிரான்சுன்னு சொன்ன எல்லா வீட்டுக்கும் நேரா போகணும் ஜோவிதா. நமக்கு வேண்டிய வீட்ட மட்டும் விட்டுட்டுப் போக முடியாது."

"தெரியும் சார்."

"நீ போய்க் கேக்கவும் முடியாது. சொந்த வீட்டுல சொந்தக்காரங்க கேக்கக் கூடாது."

"அந்த விதியையும் நான்தான் எழுதுனேன்."

"இந்தக் கமிட்டியை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. அதுக்குள்ள நான் போயிடுவேன். எனக்கப்புறம் வர்றவரு அந்த இடத்துக்கு யாரை நெனச்சிருப்பாரோ."

"இன்னொரு பட்டினித் திருநாள் வரும், அவ்ளோதான சார்?" என்றாள் ஜோவிதா. அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அவர் அறிக்கையை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

வேலை தள்ளிப்போனது அவளை அவ்வளவாக அறுக்கவில்லை. அறுத்தது வேறு. யாரோ ஒருத்தி வந்து அம்மாவின் வாசலில் நின்று, உங்கள் மகன் எங்கே என்று மறுபடி கேட்பாள். இந்தமுறை சாக்குச் சொல்லித் தப்பவிடாதபடி கேட்பாள். அப்படிக் கேட்கும்படி அவளைப் பழக்கி அனுப்பப்போவது ஜோவிதா.

அன்று சாயங்காலம் லூர்துசெல்வி ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஜோவிதா பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள்.

"அம்மா, அன்னிக்கு வந்த போன் எங்க ஆபீசிலேர்ந்துதான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"காலையில காப்பி குடிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விய வாய்விட்டுப் படிச்சிகினு இருந்தியே. படிக்கிறாரா, உள்ளூர்ல வேலையில இருக்காரா, வேலை தேடிகிட்டு இருக்காரா... எனக்கே மனப்பாடம். அந்தப் பொண்ணு ஆரம்பிச்ச ஒடனே, அட, நம்ம ஜோவி கேள்வின்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்ன?"

லூர்துசெல்வி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தப் பொண்ணு நாலு சொல்லி, இதுல எதுன்னு கேட்டுச்சு. நாலுலயும் அவன் இல்ல. இருக்கறதுல நல்லதா ஒண்ணை எம்புள்ளைக்குக் குடுத்தேன்."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"எங்க சொல்றது? நீ அதுக்கு எடம் வெச்சியா?"

குரலில் கோபம் இல்லை. கொக்கி ஒன்று தவறி விழுந்து உருண்டது. இருவரும் தரையைத் தடவித் தேடினார்கள்.

ஜோவிதா அந்த நான்கு பதில்களையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எத்தனை பேர் படித்துச் சரிபார்த்த கேள்வி. நெடுமாறன் பார்த்தார், சென்னை ஆலோசகர் பார்த்தார், புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் பார்த்தார். அதை எழுதியவளோ தம்பியின் குழியில் தன் கையால் மண் போட்டவள். போட்டு ஒரு வருஷம் ஆவதற்குள் உட்கார்ந்து, இளம் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் நேரலாம் என்று யோசித்து யோசித்து எழுதினாள். அப்போதும் அவளுக்கு அது தோன்றவில்லை. தோன்ற விடவில்லையோ என்னவோ.

"அஞ்சாவதா ஒண்ணு சேக்கறேன்" என்றாள்.

"சேத்துடு. நம்ம ஒருத்தருக்கு மட்டுமா வேணும்?"

"மறுபடியும் வந்து கேப்பாங்கம்மா. நேர்ல. நம்ம வீட்ட மட்டும் விட முடியாது."

"யாரு வுடச் சொன்னா? அந்தப் பொண்ணையே வரச்சொல்லு. நல்லா பேசுச்சு." கொக்கி கிடைத்துவிட்டது. லூர்துசெல்வி அதைத் துடைத்து வாயில் கவ்விக்கொண்டு, வாயோரமாகச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வரச்சொல்லு. அன்னிக்குத்தான் தையல் இல்ல."

புதிய கேள்வி இன்னும் எளிதாக இருந்தது. மகன் எங்கே என்று எடுத்தவுடன் கேட்கவில்லை. மாலையில் கல்லூரி திறந்தால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம் என்றால், அவர் வருவாரா என்றுதான் தொடங்கியது. கொடுக்க ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவளிடம் யாரும் பிரான்ஸைக் காட்டவில்லை. பட்டறையிலும் துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் இருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். உண்மையாகவே பிரான்சில் இருந்தவர்களும் இருந்தார்கள், கொஞ்சம் பேர். ஐந்தாவது பதிலையும் சில வீடுகள் வாங்கிக்கொண்டன. ஒரு வீட்டில் தகப்பனார் அதைச் சொல்லிவிட்டு, "இத இதுவரைக்கும் யாருமே கேக்கலம்மா" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்புச் சந்து முனையில் வண்டியை நிறுத்திய துர்காவிடம் ஜோவிதா சொன்னாள்.

"அந்த ஸ்வெட்டர் அம்மா எங்க அம்மா."

துர்காவின் முகத்தில் முதலில் சிரிப்புதான் வந்தது. "அக்கா! சொல்லவே இல்ல! அப்ப உங்க தம்பிதான் பிரான்சுல..." அதற்குமேல் ஜோவிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"நீ வா. அம்மாவே சொல்வாங்க. நான் உள்ள இருப்பேன், ஒண்ணும் பேச மாட்டேன்."

லூர்துசெல்வி பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. துர்காவை எதிரில் உட்காரவைத்து, "கேளும்மா" என்றாள். ஜோவிதா சமையற்கட்டில் பாலை அடுப்பில் வைத்தாள். மறைவாக இருந்தாலும் அந்த வீட்டில் எல்லாம் கேட்கும்.

துர்கா கேள்வியைப் படித்தாள். பழக்கியபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படித்தாள்.

"மாலை நேரத்துல காலேஜ் தெறந்து, நின்ன இடத்துலேர்ந்து படிக்கலாம்னு சொன்னா, உங்க பையன் வருவாராம்மா?"

"ஆசையா வந்திருப்பான். இப்ப வர மாட்டான்."

"இப்ப அவரு..." துர்கா ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி ஒன்றைச் சொல்லும்போது தலை குனிந்துகொண்டாள்.

"அஞ்சாவது" என்றாள் லூர்துசெல்வி. "எழுதிக்கோ. எறந்துட்டான்."

துர்கா கையிலிருந்த டேப்லெட்டில் அதைத் தொட்டாள். தொட்டதும் அது அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. ஐந்தாவது பதில் வந்தால் வேறு கேள்வி கிடையாது, நன்றி சொல்லி விடைபெறவும் என்று அங்கே இருந்தது. அதுவும் ஜோவிதா எழுதியதுதான். துக்க வீட்டில் மேற்கொண்டு தொந்தரவு செய்யக் கூடாதே என்று.

"நன்றிம்மா" என்றாள் துர்கா.

"அவ்ளோதானா?" லூர்துசெல்வி ஏமாந்துபோனாள். "போன தடவ எவ்ளோ நேரம் பேசுனோம்!"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. ஜோவிதா சட்டென்று தணலைக் குறைத்தாள். பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

கூடத்தில் டேப்லெட்டின் உறையை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு துர்காவின் குரல் கேட்டது. இந்தமுறை யாரும் எழுதிக் கொடுக்காத கேள்வி.

"அந்த ஸ்வெட்டர் போட மாட்டாருன்னு சொன்னீங்களேம்மா. அதுவும்..."

"ஐய, அது நெசந்தாம்மா! ஊருதான் பொய்யி." லூர்துசெல்வி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். "எதிர் வூட்டு சொல்தா குடுத்தாரு. அங்கேர்ந்து வந்தது, நீலக் கலர். இந்த ஊருக்கு எதுக்குன்னு கேளேன். கிறிஸ்துமசு பூசைக்குப் போட்டுகினு வந்தான், அவரு பாத்தா சந்தோஷப்படுவாருன்னு. சாமியார் பிரசங்கம் பண்ண பண்ண இவன் சொறியிறான். முதுவுல கை எட்டல, தூண்ல போய்த் தேய்க்கிறான், மாடு மாதிரி. முன்னால இருந்த கன்னியாஸ்திரி திரும்பித் திரும்பிப் பாக்குது..."

துர்கா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். லூர்துசெல்வியும் சிரித்தாள். அந்தக் கதையை அவள் வாயால் கேட்டு இரண்டு வருஷம் ஆயிற்று.

"அப்புறம் என்ன பண்ணாரும்மா?"

"வண்டி சீட்டுக்கு ஒற தெச்சுக் குடுன்னு கொண்டாந்து போட்டான். வெயில்ல சீட்டு சுடுதாம். தெச்சேன். அதுல ஒக்காந்துகினுதான் வேலைக்குப் போவான்."

"இல்லம்மா, மொதல்ல தெரு நாய்க்குட்டிக்குத்தான் போட்டான்" என்று சொல்லிக்கொண்டே ஜோவிதா காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். வந்த பிறகுதான் பேச மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. "மழை நேரம், குட்டி நடுங்குதுன்னு. நீ திட்டுனப்புறம்தான் தொவச்சு சீட்டுக்குப் போட்டான்."

"ஆமா, அந்த நாயி!" என்றாள் லூர்துசெல்வி. "அதுக்கும் குத்துச்சு. கழட்டிப் போட்டுட்டு ஓடிச்சு."

துர்காவுக்கு இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, காலை மடித்து நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.